சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள் கேட்பவை: குமரிக் கடற்கரைக்கு ஒரு கேள்வி பதில்

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் சிலர் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள், சிலர் வள்ளத்தில் ஏறித் தொழிலுக்குப் போகிறார்கள். கல்லறையைப் பார்த்திருக்கிறார்கள், 'சுனாமி காலனி' என்ற பெயரில் குடியிருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். நடந்தது என்ன என்று முறையாகச் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. மறைக்கல்வி வகுப்பிலும் பள்ளியிலும், பங்கில் அக்கம்பக்கத்து வீட்டார் சேரும் அன்பியக் கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். பெற்றோர் கேட்டவையும் இதில் உண்டு.

1. சுனாமின்னா என்ன? பெரிய அலைதானே?

ஆனி ஆடியில் நாம் பார்க்கும் பெரிய அலை காற்றால் வருவது. காற்று கடலின் மேல்பகுதியைத்தான் அசைக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் பத்துப் பதினைந்து விநாடிதான் இருக்கும். கரையில் உடைந்து உடனே திரும்பிவிடும். சுனாமியில் கடலின் அடித்தரையே எழும்பி, அதன் மேலுள்ள தண்ணீர் முழுவதையும் அடி முதல் மேல் வரை தள்ளுகிறது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே இருபது நிமிடம், அரை மணி நேரம்கூட ஆகும். அதனால் வந்த தண்ணீர் உடனே திரும்பாமல் நிமிடக்கணக்கில் ஊருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும்.

வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் 80. பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36. முன்னால் போகும் தண்ணீர் மெதுவாக, பின்னால் வருவது வேகமாக வந்து முட்ட, அலை உயரம் கூடுகிறது. 36 கிலோமீட்டர் என்றால் குறைவு என்று தோன்றும். ஓடுகிற மனிதனை அது எளிதாகப் பிடித்துவிடும்.

'சுனாமி' ஜப்பானியச் சொல். துறைமுக அலை என்று பொருள். தமிழில் ஆழிப்பேரலை என்கிறோம். 2004-க்கு முன்பு நம் கடற்கரையில் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டவர்களே அரிது.

2. அன்னைக்கு எத்தனை மணிக்கு என்ன நடந்தது?

அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டிருக்கும் இடம் அது. பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த இறுக்கம் ஒரே மூச்சில் விட்டது. சுமத்ராவில் தொடங்கிய பிளவு, அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஓடி முடிந்தது. சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் தூரம் அது.

அலை சென்னைக்கு 9 மணியை ஒட்டி வந்தது. கொச்சிக்கு 11 மணியைத் தாண்டி வந்தது. நம் மாவட்டம் இரண்டுக்கும் நடுவில். ஞாயிறு என்பதால் கத்தோலிக்க ஊர்களில் பெரும்பாலானோர் தொழிலுக்குப் போகவில்லை. பூசை முடிந்து வீட்டிலும் கடப்புறத்திலும் இருந்தார்கள். பண்டிகை விடுமுறை என்பதால் பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போயிருந்த சுற்றுலாப் பயணிகள் படகு ஓட முடியாமல் அங்கேயே சிக்கி, பிறகுதான் கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

3. சுமத்ரா கிழக்க கெடக்கு. குளச்சல் பாக்குறது அரபிக்கடல. பின்ன எப்படி இங்க அடிச்சுது?

நல்ல கேள்வி. பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள். பதில் ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே நடப்பதுதான். கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டு நீட்டியிருக்கும் தூண்டில் வளைவின் நுனிக்கு வரும் அலையைக் கவனியுங்கள். அது நேரே போகாமல் நுனியைச் சுற்றி வளைந்து உள்பக்கம் திரும்பும். அலையின் ஒரு முனை ஆழம் குறைந்த இடத்தைத் தொட்டதும் அங்கே வேகம் குறைகிறது. ஆழத்தில் இருக்கும் மறுமுனை வேகமாகவே போகிறது. அதனால் மொத்த அலையும் ஆழம் குறைந்த பக்கம் திரும்புகிறது. அன்று இலங்கையின் தென்முனையிலும் குமரிமுனையிலும் இதேதான் பெரிய அளவில் நடந்தது. இலங்கை நமக்கு ஓரளவு மறைவாக இருந்தது உண்மை. முழு மறைவாக இருக்க முடியவில்லை. வளைந்து வந்த அலை குளச்சலைத் தாண்டி, கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து ஆலப்பாடு வரை உயிர்களைக் கொண்டுபோனது.

மாலத்தீவுப் பக்கம் மோதித் திரும்பிய அலைகளும் பிறகு வந்து சேர்ந்தன. கடல் நாள் முழுக்க அடங்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

4. மொத்தம் எத்தனை பேர் செத்தாங்க? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கணக்கு சொல்லுகாங்க.

உலகம் முழுவதும் சுமார் 2,30,000 பேர். இந்தியாவில் அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 10,749, காணாமல் போனவர்கள் 5,640. தமிழகத்தில் சுமார் 8,000 பேர்; அதில் 6,000-க்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும். குமரி மாவட்டத்தில் சுமார் 800. கொட்டில்பாட்டில் 199 பேர், மணக்குடியில் 118 பேர் என்று நினைவு நாளில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது.

கணக்கு மாறுவதற்குக் காரணம் உண்டு. உடல் கிடைத்தவர்களை மட்டும் எண்ணினால் ஒரு எண், காணாமல் போனவர்களையும் சேர்த்தால் இன்னொன்று. கோவில் பங்குப் பட்டியலில் ஊரார் மட்டும் இருப்பார்கள். விருந்துக்கு வந்திருந்த உறவினர்கள் வேறு ஊர்ப் பட்டியலில் போயிருப்பார்கள். ஒருவர் சொன்ன எண் தப்பு என்று சண்டை பிடிக்க வேண்டாம். யார், எதை எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

எல்லாக் கணக்கிலும் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். நம் ஊர்ப் பெண்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் வழக்கம் இல்லை. சேலை காலைச் சுற்றியது. அவிழ்ந்த முடி முள்ளிலும் இடிபாட்டிலும் மாட்டியது. கையில் பிள்ளை இருந்தது. இதை ஒரு விபரமாக மட்டும் படித்துவிட்டுப் போகாமல், நம் பெண் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறோம்.

5. பக்கத்து ஊரில ஒண்ணும் பெருசா ஆவல்ல. கொட்டில்பாட்டில மட்டும் ஏன் அத்தனை பேரு?

ஊரின் கிடப்பு. நம் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரே மாதிரி இல்லை. சில ஊர்கள் பாறை மேட்டிலோ தேரி எனும் செம்மணல் மேட்டிலோ உட்கார்ந்திருக்கின்றன. சில ஊர்கள் தாழ்ந்த மணலில். கொட்டில்பாட்டில் வீடுகளுக்கு முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க 1860-இல் திருவிதாங்கூர் காலத்தில் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் அது. கடலைப் பார்த்து மேற்கே ஓட முடியாது. கிழக்கே ஓடியவர்களைக் கால்வாய் மறித்தது. பின்னால் வந்த தண்ணீர் அவர்களை அதற்குள் தள்ளியது.

மணக்குடியில் காரணம் வேறு. அங்கே பழையாறு கடலில் சேரும் பொழிமுகம் இருக்கிறது. ஆற்றுவாய் அலைக்குத் திறந்த கதவு. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தின் கான்கிரீட் தளங்களை அலை தூணிலிருந்து பெயர்த்து ஆற்றுக்குள் தூக்கிப் போட்டது. கீழிருந்து எழும்பும் நீர் தளத்தைத் தூக்கும், பக்கவாட்டில் வரும் நீர் தள்ளும். தளத்தின் எடை தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கு அன்று செல்லவில்லை.

உங்கள் ஊருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஓடினால் எது மறிக்கும்?

6. கடலுக்குள்ள வள்ளத்தில இருந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியலையாமே? பொய்யா?

உண்மை. ஆழ்கடலில் சுனாமியின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அன்று தற்செயலாக மேலே போன செயற்கைக்கோள் ஒன்று நடுக்கடலில் அளந்தது சுமார் 60 சென்டிமீட்டர்தான். அந்த 60 சென்டிமீட்டரும் பல நிமிடங்களில் ஏறி இறங்கும். வள்ளத்தில் இருப்பவருக்கு உணரவே முடியாது. வெளியூர்களில் தொழிலுக்குப் போயிருந்தவர்கள் கரை திரும்பிய பிறகுதான் ஊர் இல்லாததைப் பார்த்தார்கள். பாட்டா ஒருவர் 'எனக்கு ஒண்ணும் தெரியல்ல' என்று சொன்னால், மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

7. ரெண்டரை மணி நேரம் இருந்துதே. ஒருத்தரும் ஏன் சொல்லல்ல?

இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே இல்லை. பசிபிக்கில் இருந்தது. நம் பக்கம் சுனாமி மிக அரிது என்பதால் யாரும் அமைக்கவில்லை. 1881-இல் நிக்கோபார் நிலநடுக்கத்தால் வந்தது சிறியது. 1945-இல் பாகிஸ்தானின் மக்ரான் கரையில் எழுந்தது மும்பைப் பக்கம் போனது. குமரியில் உயிரோடு இருந்த எந்தப் பெரியவருக்கும் அந்த அனுபவம் கிடையாது. கோபம் வருவது நியாயம்தான். இதைக் கேட்ட ஒரு பிள்ளையையும் 'சும்மா இரு' என்று அடக்காதீர்கள்.

அதே நாளில் நடந்த இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில். 1907-இல் அங்கே பெரிய சுனாமி வந்து நிறையப் பேர் செத்தார்கள். 'நிலம் ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு' என்று அதற்குப் பிறகு பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அவர்கள் அலைக்கு வைத்த பெயர் 'ஸ்மோங்'. 2004-இல் சுமார் 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். தாய்லாந்தின் புக்கெட் தீவிலோ, விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்ததை வைத்துக் கடல் நுரைத்துப் பொங்குவதை அடையாளம் கண்டு கத்தினாள். அந்தக் கடற்கரை காலியானது. அங்கே யாரும் சாகவில்லை.

பிள்ளைகளிடம் இதைப் பேசக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு எங்கள் பதில் இந்த இரண்டும்தான்.

8. எனக்க மோளுக்கு ஆறு வயசு. கல்லறையக் காட்டி 'இதில யாரு இருக்கா'ன்னு கேக்கா. என்ன சொல்லணும்?

உண்மையைச் சொல்லுங்கள், சின்னதாக. 'நீ பிறக்கிறதுக்கு முன்னால கடல் ஊருக்குள்ள வந்தது. நிறையப் பேர் செத்துப்போனாங்க. உங்க அத்தையும் அதில ஒருத்தி. அவங்க எல்லாரையும் இங்க அடக்கம் செஞ்சிருக்கு.' இவ்வளவு போதும். அவள் அடுத்த கேள்வி கேட்டால் அதற்கு மட்டும் பதில். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், பிள்ளைகள் துண்டு துண்டாகத்தான் கேட்பார்கள், இரண்டு வாரம் கழித்துச் சாப்பிடும்போது மிச்சத்தைக் கேட்பார்கள்.

சொல்லக் கூடாதவை மூன்று. 'தூங்குறாங்க' என்று சொன்னால் சில பிள்ளைகள் இரவில் தூங்கப் பயப்படும். 'கடல் கூட்டிட்டுப் போச்சு' என்றால், அப்பா தொழிலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அழும். 'இனிமே வரவே வராது' என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். பத்து வயதில் அது பொய் என்று தெரியும்போது மற்றவற்றையும் நம்ப மாட்டார்கள். 'வந்தாலும் இப்ப முன்னாடியே சொல்லுவாங்க, நாம எந்த வழியா போகணும்னு எனக்குத் தெரியும்' என்று சொல்லி, அந்த வழியில் ஒருமுறை நடத்திக் கூட்டிப்போங்கள். பயம் நடந்தால் குறையும்.

நீங்கள் சொல்லும்போது அழுகை வந்தால் மறைக்க வேண்டாம். 'அவள நெனச்சு அழுறேன்' என்று காரணத்தைச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாத அழுகைதான் பிள்ளைகளைப் பயமுறுத்தும்.

9. எட்டு ஒம்பது வயசுப் பசங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது? படம் வரைஞ்சா போதுமா?

செய்து காட்டுவது நல்லது. மீன் அடைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, இரண்டடி நீளம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். ஓட்டை இருக்கக் கூடாது. ஒரு தலையில் ஈர மணலைச் சரிவாக அணைத்து, மேலே தட்டையாக்குங்கள். அது கரை. மறுதலையில் எவர்சில்வர் தட்டு ஒன்றை அடியில் போடுங்கள். அதன் விளிம்பில் இரண்டு ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பு கட்டி மேலே விட்டிருக்க வேண்டும். நான்கு விரற்கடை தண்ணீர் ஊற்றுங்கள். கரையில் தீப்பெட்டிகளை வீடுகளாக வையுங்கள்.

முதலில் வாயால் ஊதச் சொல்லுங்கள். சிற்றலை வரும், வீடு அசையாது. பிறகு நரம்பை ஒரு அங்குலம் வெடுக்கென்று இழுங்கள். நடுவில் பெரிதாக ஒன்றும் தெரியாது. சரிவில் ஏறும்போது தண்ணீர் உயர்ந்து தீப்பெட்டிகளைக் கொண்டுபோகும். மெதுவாக இழுத்தால் தண்ணீர் தட்டின் ஓரமாக வழிந்து அலையே வராது. தட்டு சிறியதானாலும் வராது. பெட்டியின் அகலத்தில் முக்கால்வாசியாவது இருக்க வேண்டும். கரைச் சரிவு செங்குத்தாக இருந்தால் அலை ஏறாமல் திரும்பி அடிக்கும்.

இரண்டாம் முறை, வீடுகளுக்குப் பின்னால் விரலால் ஒரு வாய்க்கால் கீறிவிட்டு இழுங்கள். தீப்பெட்டிகள் எங்கே போய்க் கிடக்கின்றன என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள். 5-ஆம் கேள்வியின் பதில் அப்போது புரியும். அந்த ஊரில் ஆளை இழந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்த இரண்டாம் பகுதியை அவன் வீட்டாரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

10. போன்ல வீடியோ பாத்துட்டான். இப்ப ராத்திரி எழும்பி உக்காருகான். என்ன செய்ய?

முதலில் எந்த வீடியோ என்று சேர்ந்து பாருங்கள். 'சுனாமி' என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி 2011 ஜப்பான் காட்சி, இன்னும் சில கணினியில் செய்த படம். நூறடி சுவர்போல் நிற்கும் அலை நம் ஊரில் வரவில்லை என்று சொன்னாலே பாதி பயம் போகும். இறந்த உடல்களின் படங்களைப் பதின்மூன்று பதினான்கு வயது வரை காட்டவே வேண்டாம். அதற்குப் பிறகும் அவர்களாகக் கேட்டால் மட்டும், பக்கத்தில் இருந்து.

இரவில் எழும்புவது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், கடற்கரையைக் கண்டாலே நடுங்கினால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

11. எனக்கு முன்னால ரெண்டு பேரு இருந்தாங்கன்னு பதினஞ்சு வயசிலதான் தெரிஞ்சுது. அவங்களுக்குப் பதிலாத்தான் என்னைப் பெத்தாங்களா?

இதை எழுதிக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட தாய்மார் பலர் அன்று பிள்ளைகளை எல்லாம் இழந்தார்கள். அந்த அறுவை சிகிச்சையை மாற்றிச் செய்துகொள்ளத் தமிழக அரசு இலவசமாக ஏற்பாடு செய்தது. மீண்டும் ஒரு அறுவை சிகிச்சை, பலிக்குமா பலிக்காதா என்ற காத்திருப்பு, அந்த வயதில் இன்னொரு பிரசவம். சிலருக்குப் பலிக்கவே இல்லை. உங்கள் அம்மை இத்தனையும் தாண்டி உங்களை வேண்டிப் பெற்றிருக்கிறார். யாருடைய இடத்தையும் நிரப்பும் வேலை உங்களுக்குக் கிடையாது. அது யாராலும் முடிகிற காரியமும் இல்லை.

வீட்டில் சொல்லாமல் இருந்தது உங்களை ஏமாற்ற அல்ல, வாய் வராமல். அவர்கள் பெயரை நீங்களே முதலில் எடுங்கள். 'அண்ணனுக்கு என்ன பிடிக்கும்?' என்று ஒரு சின்னக் கேள்வி. பெற்றோருக்கும் ஒன்று: மூத்த பிள்ளையின் பெயரை இளையவனுக்கு வைத்திருந்தால், ஏன் வைத்தீர்கள் என்பதைப் பத்து வயதுக்குள் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். தெருவில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வது கொடுமை. 'அவன் இருந்தா இப்படிச் செய்யமாட்டான்' என்ற பேச்சை எந்தக் கோபத்திலும் எடுக்காதீர்கள்.

12. பாட்டி அதப்பத்திப் பேசவே மாட்டேங்கா. ரெக்கார்டு செய்யலாமா?

பேசாமல் இருக்கப் பாட்டிக்கு உரிமை உண்டு. ஒருமுறை கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். டிசம்பர் மாதத்தில் கேட்காதீர்கள். அந்த மாதம் அவர்களுக்கு ஏற்கெனவே கனம்.

சம்மதித்தால்: போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மடித்த துண்டின் மேல், பாட்டியிடமிருந்து ஒரு அடி தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கை பட்ட சத்தமெல்லாம் பதியும். காற்றாடியை நிறுத்துங்கள், கடல் பக்கச் சன்னலைச் சாத்துங்கள். 'எப்படி இருந்தது, என்ன உணர்ந்தீங்க' என்று தொடங்கினால் வாய் அடைக்கும். 'அன்னைக்குக் காலையில அடுப்பில என்ன இருந்தது?', 'வாசல்ல யாரு நின்னா?' என்று இடத்தையும் பொருளையும் கேளுங்கள். நடுவில் மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள். நாள், மணி தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். திருத்தம் பிறகு குறிப்பில் எழுதலாம். நாற்பது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். முடித்தவுடன் எழுந்து போகாமல் சேர்ந்து காப்பி குடியுங்கள். அன்று இரவு பாட்டியைத் தனியாக விடாதீர்கள்.

இரண்டு இடத்தில் சேமியுங்கள். அவர் கேட்டு ஒத்துக்கொள்ளாமல் வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

13. பாவம் பண்ணினதுக்குக் கடவுள் தந்த தண்டனைன்னு சொல்லுகாங்களே?

பூசையிலிருந்து திரும்பியவர்கள் இறந்தார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தை இறந்தது. இந்து, இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்று அலை பார்க்கவில்லை. நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. அது யாருடைய நடத்தையாலும் கூடுவதும் குறைவதும் இல்லை. விசுவாசம் உள்ள வீட்டில் ஆறுதலுக்குச் செபம் உண்டு, அதை வைத்துக்கொள்ளுங்கள். செத்தவர் மேல் பழி போடும் பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அணுகுண்டு வெடித்தார்கள், மணல் எடுத்தார்கள், அதனால் வந்தது என்பதும் தவறு. மணல்மேடு குறைந்தால் தண்ணீர் கூடுதலாக உள்ளே வரும். அலை உண்டாவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

14. எங்க காலனிய 'சுனாமி'ன்னு கூப்பிட்டு ஸ்கூல்ல கேலி பண்ணுகாங்க.

அலைக்குப் பிறகு கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் சுமார் 325 சதுர அடியில் புது வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவசரத்தில் யாரும் ஊருக்குப் பெயர் வைக்கவில்லை, வாயில் வந்தது நின்றுவிட்டது. கடலைவிட்டுத் தள்ளிப் போனதால் வலையையும் என்ஜினையும் பார்த்துக்கொள்ள முடியாமல் பலர் பட்ட பாடு தனி. ஆசிரியர்கள் இதை ஒரு வகுப்பில் பத்து நிமிடம் சொன்னாலே கேலி பெரும்பாலும் நின்றுவிடும். சொல்லாத பள்ளியில் நிற்பதில்லை.

15. கன்னியாகுமரியில அடிக்கடி கடல் உள்வாங்குதுன்னு நியூஸ் வருது. அது சுனாமியா?

பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தில், நீர்மட்டம் தாழ்வது. பாறைக்குப் போகும் படகை நிறுத்துவார்கள். சில மணி நேரத்தில் சரியாகும். மெதுவாக, மணிக்கணக்கில் தாழும். சுனாமிக்கு முன் வற்றினால் சில நிமிடங்களில், வழக்கத்தில் பார்த்திராத பாறையெல்லாம் தெரியும் அளவுக்கு வற்றும். எல்லாச் சுனாமியிலும் முதலில் வற்ற வேண்டும் என்றும் இல்லை. 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான். அதனால் பௌர்ணமிதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். நிலநடுக்கத்தைப் பௌர்ணமி கொண்டுவரவில்லை.

கள்ளக்கடல் வேறு. தெற்கே எங்கோ நடுக்கடலில் வீசிய புயல் கிளப்பிய நீண்ட அலை, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில். சுனாமி அபூர்வம், கள்ளக்கடல் ஆண்டுதோறும் வரும். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

16. 2012-ல பெரிய பூகம்பம் வந்து எல்லாரும் ஓடினோம். ஒண்ணும் வரல்லியே. அப்ப எச்சரிக்கைய எப்படி நம்ப?

2012 ஏப்ரல் 11, பிற்பகல் 2 மணிக்கு சுமத்ரா அருகே 8.6. அந்த நிலநடுக்கத்தில் தரை மேலே எழும்பவில்லை. இரண்டு பக்கமும் உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தது. 9-ஆம் கேள்வியின் பெட்டியில் தட்டைத் தூக்காமல் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், அலை வராது. ஆனால் முதல் சில நிமிடத்தில் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாது. அதனால் முதலில் எச்சரித்துவிட்டு, கடலடி அழுத்தமானிகளும் ஓதமானிகளும் காட்டுவதைப் பார்த்துத் திரும்பப் பெறுவார்கள். அப்படித் திரும்பப் பெற்றால் அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள்.

2007 முதல் ஐதராபாத்தில் இன்கோயிஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கம் நடந்து பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை வரும்.

17. கடல்ல கல் போட்டுச் சுவர் கட்டியாச்சே. இனிப் பயமில்லதானே?

அலைத் தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவும் ஆனி ஆடிக் கடலரிப்புக்குப் போட்டவை. ஜப்பானில் தாரோ என்ற ஊரில் பத்து மீட்டர் உயரச் சுவர் இருந்தது. 2011-இல் அலை அதைத் தாண்டியது. சுவரை நம்பி நின்றவர்களும் இறந்தார்கள்.

18. மறுபடி வந்தா நாங்க என்ன செய்யணும்? சரியா சொல்லுங்க.

நமக்குப் பெரும்பாலும் தூரத்திலிருந்துதான் வரும். காலுக்கடியில் அதிர்வு தெரியாமலும் போகலாம். ஆகவே செய்தியை நம்பித்தான் கிளம்ப வேண்டும், அதற்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. ஆனால் கடல் நிமிடத்தில் வற்றினாலோ, இரைச்சலோடு பொங்கினாலோ போன் செய்து நிற்காதீர்கள், ஓடுங்கள்.

மேட்டுக்குப் போங்கள். கடல்மட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் உயரம் நல்லது. மேடு தூரமானால் கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஓட்டு வீட்டுக் கூரை வேண்டாம். ஆற்றோரமாகவோ கால்வாய்க் கரையோடோ ஓடக் கூடாது. பாலம் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். வண்டி எடுத்தால் குறுகிய சந்தில் எல்லாரும் அடைபடுவார்கள். நடக்க முடியாத பெரியவர்களை யார் கூட்டிப்போவது என்று தெருவாரியாக இப்போதே பெயர் எழுதி வையுங்கள். பள்ளியில் இருக்கும் பிள்ளையைத் தேடிக் கடற்கரைப் பக்கம் ஓடாதீர்கள். பள்ளியும் நீங்களும் சந்திக்கும் மேட்டை முன்பே பேசி வையுங்கள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொள்ளுங்கள்.

முதல் அலை வடிந்ததும் திரும்பாதீர்கள். பணம், அடையாள அட்டை எடுக்கத் திரும்பியவர்களை இரண்டாவது அலை பிடிக்கும். பின்னால் வருவது முதலாவதைவிடப் பெரிதாக இருக்கலாம். அரசு அறிவிக்கும் வரை, குறைந்தது பல மணி நேரம் மேட்டிலேயே.

19. ஒக்கியும் இதும் ஒண்ணா?

இல்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல். கடலுக்குள் இருந்தவர்களைப் பிடித்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் ஆனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. சுனாமியில் ஆழ்கடல் பாதுகாப்பு, கரை ஆபத்து. புயலில் கரைக்கு வருவதே பாதுகாப்பு. ஒரு ஆபத்துக்குக் கற்ற பாடத்தை மற்றதற்குப் போட்டால் உயிர் போகும். துக்கத்தில் மட்டும் ஒற்றுமை உண்டு: உடல் கிடைக்காதவரின் வீட்டில் கதவுச் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து பார்க்கிறார்கள்.

20. குமரிக்கண்டமும் இப்படித்தான் போச்சா?

பழைய தமிழில் 'கடல்கோள்' என்ற சொல் உண்டு. கடல் நிலத்தைக் கொண்டதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. குமரிக்குத் தெற்கே நிலம் கூடுதலாக இருந்தது உண்மை. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மூழ்கியது. ஒரு கண்டமே ஒரு நாளில் மூழ்கியதற்குக் கடலடியில் சான்று இல்லை. சுனாமி நிலத்தை மூழ்கடித்து வைத்துக்கொள்வதில்லை, ஏறிவிட்டு வடிந்துவிடும்.

21. நான் அப்ப பிறக்கவே இல்ல. நினைவு நாளில எல்லாரும் அழுகாங்க, எனக்கு வரல்ல. தப்பா?

தப்பில்லை. பார்க்காத முகத்துக்கு அழுகை கட்டாயம் வராது. வேலை கேட்டு வாங்குங்கள். பல ஊர்களில் டிசம்பர் 26 அன்று கல்லறையில் பெயர்ப் பட்டியல் வாசிக்கிறார்கள். அதை இளையவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் மாலை ஒரு பெரியவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயர் மூன்று பேருக்கு இருக்கும், தகப்பன் பெயரையும் வயதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் மூன்று விநாடி விடுங்கள். வேகமாக வாசித்தால், தன் பிள்ளையின் பெயர் வருமென்று காத்து நிற்கும் தாய்க்கு மெழுகுதிரியை உயர்த்த நேரம் இருக்காது. பட்டியல் நீளமானால் நான்கு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுப் பெயர்களை மட்டும் இருவருக்கு இடையில் பிரிக்காமல் ஒருவரே வாசியுங்கள்.